விதைக்கு விட்ட காய்

கொள்ளிடம் ஆறு கடலில் போய் விழுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வளைகிற இடத்தில் ஒரு படுகை உண்டு, அந்தப் படுகையில் நாணல்படுகை என்று ஓர் ஊர் உண்டு, அந்த ஊரில் நெல் இல்லை, கரும்பு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்தலும் பந்தலின் மேல் படர்ந்த கொடியும்தான். சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி, பறங்கி, வெள்ளரி, யாரும் விதைக்காமல் தானே வேலியில் ஏறிக்கொள்ளும் கோவை, எல்லாம் ஒரே குடும்பம். காயைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவு என்று தெரியாது. ஒன்று பாம்பு மாதிரி நீளும், ஒன்று பானை மாதிரி உருளும், ஒன்று உடம்பெல்லாம் கரடுகரடாகக் கசக்கும். ஆனால் பூவைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ். கொடியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சுருள் சுருளான பற்றுக்கம்பி, அது காற்றில் துழாவிக்கொண்டே இருக்கும், குச்சியோ கயிறோ அகப்பட்டால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், காய்ந்து சருகான பிறகும் பிடியை விடாது.

ஊரே அந்தக் குடும்பத்தை உண்டு வாழ்ந்தது. பீர்க்கின் நாரால் முதுகு தேய்த்துக் குளித்தது, பூசணியை வடாமாகப் பிழிந்து வெயிலில் காயவைத்தது, கோவை இலையை அரைத்துச் சொறிக்குப் பூசியது, காய்ந்த சுரைக் குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியது, இன்னும் பெரிய குடுக்கையில் அடுத்த பட்டத்துக்கான விதையைச் சாம்பல் கலந்து கொட்டி வைத்தது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியில், பூ விரிவதற்கு முன்பே, ஒரு குட்டிப் பிஞ்சு உட்கார்ந்திருக்கும். ஆண் பூவின் தூள் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும், இல்லாவிட்டால் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பூசணிக்குக் காலையில் வண்டு வரும். சுரைப்பூவோ வெள்ளை, சாயங்காலம்தான் விரியும், அந்திப் பூச்சி வந்தால் உண்டு. அதனால் நாணல்படுகையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு ஒருவர் பந்தலுக்கு அடியில் நின்று, ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பெண் பூவில் மெதுவாக ஒற்றி எடுப்பார். அதற்குப் பூத்தொடுதல் என்று பெயர். கலியமூர்த்தியின் வீட்டில் அது அவர் மகள் தையல்நாயகியின் வேலை.

அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு, நேரே பந்தலுக்குத்தான் போவாள். "இந்தாடி, மாப்பிள்ளை வந்தாச்சு. வெக்கப்படாம தலையைத் தூக்கு" என்று பூவோடு பேசுவாள்.

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். "ஏண்டி கல்யாணத் தரகரே, எங்க பந்தலுக்கு எப்ப வருவே?"

"உங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் குண்டுப் பூசணி, சின்னம்மா. மாப்பிள்ளைங்க பயப்படுறாங்க."

பங்குனி மாதத்தில் ஓர் அந்தியில், பந்தலின் மேற்கு மூலையில் இருந்த ஒரு சுரைப்பூவைத் தொட்டுவைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் வீட்டுக்குள் வந்தாள். காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் எரித்தார்கள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய அன்று, அவள் அம்மா சம்பூரணம் பந்தலுக்கு அடியில் போய் நின்றாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நேரத்துக்கு அங்கே யாராவது நிற்பது வழக்கம், அதனால் நின்றாள். தையல் கடைசியாகத் தொட்ட பூ உதிர்ந்து, அதன் பிஞ்சு முழங்கையளவு நீண்டு, உடம்பெல்லாம் வெள்ளைப் பூனைமயிர் மின்னத் தொங்கியது. சம்பூரணம் அதைக் கையில் ஏந்தினாள். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு, குருவிக்குஞ்சைப் பொத்திப் பிடித்தால் தெரிவதுபோல, அவள் உள்ளங்கையில் தொம் தொம் என்று ஒன்று துடித்தது.

அவள் கத்தவில்லை. உள்ளே போய்க் கணவனிடம், "இஞ்ச பாருங்க, புள்ள பந்தல்ல இருக்கு" என்றாள்.

கலியமூர்த்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து, காயில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "ஆமாம்" என்றார். பிறகு காம்பைத் தொட்டுப் பார்த்து, "கனம் தாங்காது. உறி கட்டணும்" என்றார். தையலின் பழைய பாவாடை ஒன்றைக் கிழித்துத் தூளி மாதிரி கட்டி, காயை அதில் உட்கார வைத்தார்கள்.

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஊருக்குச் சேதி எப்படிப் போகுமோ அப்படித்தான் இந்தச் சேதியும் போனது. பட்டம்மாள் வந்து கேட்டுவிட்டு, "தூங்குறா போலிருக்கு" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்றிலிருந்து தன் கோழிகளை வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டியடித்தாள். தடுப்பூசி போட வந்த நர்ஸ் பிலோமினா காதில் குழாயை மாட்டிக்கொண்டு, காயின் வயிற்றில் வட்டத்தை வைத்துப் பார்த்து, "இந்த வயசுப் புள்ளைக்கு இருக்கவேண்டிய துடிப்புதான். சளி இல்ல. எல்லாரும் மேல விழுந்து மூச்சு விடாதீங்க" என்று கூட்டத்தைக் கலைத்தாள். காய்கறி ஏற்ற வரும் சாகுல் தெருமுனையிலேயே டெம்போவின் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த வீட்டைத் தாண்டும்வரை இரண்டு ஆளைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போனான். பால்காரக் கோதண்டம் பால் ஊற்ற வரும்போது சைக்கிள் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் காயின் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மணி அடித்துப் பள்ளிக்கூடம் விட்டால் இன்னும் வேகமாகும். அது தெரிந்ததும் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் உட்காரத் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள்.

பிஞ்சை நீட்டிய விரலால் காட்டினால் அழுகிவிடும் என்று அந்த ஊரில் நம்பிக்கை. எந்தப் பந்தலிலும் விரலை மடக்கி முட்டியால்தான் காட்டுவார்கள். இந்தப் பந்தலை யாரும் முட்டியால்கூடக் காட்டவில்லை. மோவாயை இலேசாக அசைத்தார்கள், அவ்வளவுதான்.

அக்கரையிலிருந்து ஒருவன் கற்பூரமும் குங்குமமும் உண்டியலுமாக வந்து இறங்கினான். பட்டம்மாள் விளக்குமாற்றோடு குறுக்கே நின்றாள். "யோவ், இது சாமி இல்ல. எங்க புள்ள. சாமி வேணும்னா அக்கரையில எத்தனையோ கெடக்கு, போய்க் கும்பிடு."

"புள்ளையா? சுரைக்காய்ல புள்ளையா?"

"உங்கம்மாவுக்கு நீ பொறக்கலையா? அதைவிடவா அதிசயம்?"

அவன் உண்டியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சம்பூரணம் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள்: பட்டம்மாள் வீட்டு ஆடு குட்டி போட்டதை, பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததை, புளி விலை ஏறியதை. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. காய் கழுத்து இறுகி, வயிறு பருத்து, ஒரு குழந்தையின் உடம்பளவு கனத்தது. அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

சுரைக்கொடி ஒரு பட்டத்துக்குத்தான் உயிரோடு இருக்கும். காய்க்கும், முற்றும், அடியிலிருந்து சருகாகிக்கொண்டே வரும். ஒரு காயைக் கறிக்கு அறுக்காமல் விட்டால் அதற்கு விதைக்கு விட்ட காய் என்று பெயர். விதைக்கு விட்ட காய் முற்றத் தொடங்கியதும் கொடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தாகத்தில்தான் தோல் ஓடாகும், உள்ளே இருக்கும் சதை பஞ்சாகச் சுருங்கும், விதைக்குள் பருப்பு இறுகும். தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தால் காய் பச்சையாகவே நின்று, ஒரு நாள் அடியிலிருந்து அழுகி, விதையும் சேர்ந்து கூழாகிவிடும். நாணல்படுகையில் இது நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

சித்திரைக் கடைசியில் ஒரு காலையில், சம்பூரணம் குடத்தோடு வரும்போது கலியமூர்த்தி பந்தலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இனிமே தண்ணி வேண்டாம்."

"ஏன்?"

"விதைக்கு விடணும்ல."

"யாரை விதைக்கு விடச் சொல்றீங்க?"

"காஞ்சா விதை நிக்கும், சம்பூரணம். ஆடியில போடலாம். போட்டா..." என்று ஆரம்பித்தவர், போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாமல் நிறுத்திக்கொண்டார்.

"அதுவரைக்கும் தாகத்துல கெடக்கட்டும்னு சொல்றீங்க."

"தண்ணி காட்டுனா அழுகிரும். உனக்குத் தெரியாதா? நீயும் படுகையில பொறந்தவதானே?"

"நீங்க அங்க வராண்டாவுல நின்னீங்க" என்றாள் சம்பூரணம். "உள்ள நின்னவ நான்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இல்லை, ஏனென்றால் அந்தக் கதை ஊர் முழுக்கத் தெரியும். தையலின் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. காலையில் அறுத்துத் தைக்கிறோம், அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது, போனால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். சொன்னது சரிதான், அது தப்பென்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் யாரும் சொல்லவில்லை. காய்ச்சலில் உதடு வெடித்துப்போன பிள்ளை, "அம்மா, ஒரே ஒரு வாய். கொப்பளிச்சுத் துப்பிடறேம்மா" என்று கேட்டது. சம்பூரணம் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். பிள்ளை துணியைக் கவ்விச் சப்பியது. சம்பூரணம் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடல் தைக்கவும் இல்லை, தண்ணீர் கொடுக்கவும் இல்லை.

ஊர் சம்பூரணத்தின் பக்கம் நின்றது. "மனுசனாய்யா நீ? பச்சப் புள்ளய காயப் போடுங்கிறியே" என்றாள் பட்டம்மாள். கோதண்டம் கலியமூர்த்தியைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினான். சாகுல் அவர் மூட்டையைக் கடைசியில் ஏற்றினான். கலியமூர்த்தி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. குடத்தைத் தட்டிவிடவும் இல்லை. ஒவ்வொரு காலையும் பந்தலுக்கு வந்து, சம்பூரணம் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

வைகாசி பிறந்ததும் சம்பூரணத்துக்கே தெரிந்தது. பக்கத்துப் பந்தல்களில் விதைக்கு விட்ட காய்கள் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டன. இது மட்டும் பச்சையாகவே இருந்தது. கட்டைவிரல் நகத்தை அதன் தோலில் வைத்து அழுத்தினாள். நகம் உள்ளே போனது, போன இடத்தில் தண்ணீர் கசிந்தது. காதை வைத்தாள். துடிப்பு இருந்தது, ஆனால் மழையில் நனைந்த தவில் மாதிரி, சதசதவென்று இருந்தது.

அன்று மாலை அவள் குடத்தைக் கவிழ்த்துவைத்தாள். கலியமூர்த்தியிடம் போய், "ஆடி எப்ப வருது?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி நாணல்படுகையில் இன்றைக்கும் யாரும் விரும்பிப் பேசுவதில்லை. அக்கினி நட்சத்திரம் காய்ந்துகொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் சுரையிலைகள் நனைந்த குடை மாதிரி மடங்கித் தொங்கின. காயின் துடிப்பு வேகமெடுத்தது. முதலில் காதை வைத்தால் கேட்டது, பிறகு பந்தலுக்கு அடியில் நின்றால் கேட்டது, பிறகு தெருவில் நடந்தாலே கேட்டது, பிறகு உரலில் குத்துகிற உலக்கையை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொம் தொம் தொம் தொம் என்று, ஓடி வந்த பிள்ளை தண்ணீர்ப் பானையைத் தேடுகிற மாதிரி அது அடித்துக்கொண்டது. சம்பூரணம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பொழுது சாயும்வரை அவளும் தண்ணீர் குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பந்தல் பக்கம் போனால் கை குடத்துக்குப் போய்விடும் என்று போகாமலே இருந்தாள்.

சில நாளில் துடிப்பு நிதானப்பட்டது. இலைகள் உச்சிவெயிலிலும் நிமிர்ந்து நின்றன. ஆற்று ஈரம் அடியில் ஓடுகிறது போல என்று ஊர் சொன்னது. சம்பூரணம் அதை நம்பினாள். ஆடிக்குப் போடப் புதுக்குழி எங்கே வெட்டுவது என்றுகூட மனசுக்குள் இடம் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் துடிப்பு கேட்கவில்லை.

சம்பூரணம் ஓடிப்போய்ப் பார்த்தாள். தூளித்துணி ஈரமாக இருந்தது, புளித்த வாசம் வந்தது. அவள் முடிச்சை அவிழ்த்துக் காயை மடியில் வாங்கினாள். காயின் அடி அவள் கைக்குள்ளேயே பிதுங்கிப் பிளந்துகொண்டது. கலியமூர்த்தி மண்டியிட்டு அந்தக் கூழுக்குள் கையை விட்டு, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார். எல்லாம் பால்பல் மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருந்தன. ஒன்றுக்குள்ளும் பருப்பு இல்லை. கடைசி விதைவரை பார்த்தார். பார்த்த பிறகும் விடாமல் துழாவிக்கொண்டிருந்தார்.

ஊர் கூடிவிட்டது. "யாரோ விரலை நீட்டிட்டாங்க" என்று ஒரு குரல். "அந்த உண்டியல்காரனா இருக்கும்" என்று இன்னொரு குரல்.

சம்பூரணம் காயைத் துணியோடு கீழே வைத்துவிட்டுக் கொடியின் குழியில் கையை ஊன்றினாள். மணிக்கட்டுவரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது கை முழுக்கச் சேறு, தண்ணீர் சொட்டியது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

முதலில் பட்டம்மாள்தான் உடைந்தாள். "நாந்தாண்டி ஊத்துனேன். நீ படுத்துக் கெடந்தப்ப, ஒரு சொம்பு. தெனம் ஒரே ஒரு சொம்புதான். கேக்க முடியலடி சம்பூரணம், அது அடிச்சுக்கிட்டது காதால கேக்க முடியல. என்னை வெளக்குமாத்தால அடி."

சம்பூரணம் அடிக்கவில்லை, சாபமும் விடவில்லை. "குடிச்சாளா?" என்று கேட்டாள்.

பட்டம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "குடிச்சா" என்றாள். "ஊத்த ஊத்த மண்ணு இழுத்துக்கிட்டே இருந்துச்சு."

கோதண்டம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். "பால் வாளி அலசுன தண்ணி அக்கா. கறந்துட்டு வர்றப்ப ஊத்திட்டுப் போவேன். பால் வாசம் கொஞ்சம் இருந்திருக்கும்."

"குடிச்சாளா?"

"குடிச்சா அக்கா."

சாகுல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "ரேடியேட்டருக்கு வச்சிருக்கிற கேன்ல... நல்ல தண்ணிதான் அக்கா. புதுசாப் புடிச்சதுதான்."

"குடிச்சாளா?"

"குடிச்சா. எனக்கு முன்னாடி ஆளு இல்லன்னு நெனச்சேன் அக்கா. நான் மட்டும்னு நெனச்சேன்."

நர்ஸ் பிலோமினா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "வாயில தண்ணி குடுக்கக் கூடாதுன்னு நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்" என்றாள். "நானும்தாம்மா."

"குடிச்சாளா?"

"குடிச்சா."

அப்படி ஒவ்வொருவராக வந்தார்கள், சொம்பு என்றார்கள், டம்ளர் என்றார்கள், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பாட்டில் என்றார்கள், கழுவிய அரிசித் தண்ணீர் என்றார்கள், கோயில் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், தன் ஒரு கை தண்ணீரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள், ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கடைசியில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனது.

கலியமூர்த்தி இன்னும் மண்டியிட்டபடியே, உள்ளங்கையில் விதைச் சக்கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு குலுங்குவதைச் சம்பூரணம் அப்போதுதான் கவனித்தாள். அவர் அருகில் போய்க் குனிந்தாள்.

"நீங்களுமா?"

அவர் தலையை அசைத்தார். "வெள்ளனே எந்திரிச்சு. தெனமும்" என்றார். "ஒரு குடம்."

அழுகிவிடும் என்று ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்.

"குடிச்சாளா?"

"குடிச்சா" என்றார் கலியமூர்த்தி. "மூச்சு விடாம குடிச்சா."

அந்த நாட்களில் ஊரில் ஊற்றாதவள் அவள் ஒருத்திதான். சம்பூரணம் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். செத்த காயும் சேறுமாகக் கிடந்த குழிக்கு மேலே குடத்தைச் சாய்த்து, அவசரமில்லாமல், விட்டு விட்டு, ஒரு பிள்ளைக்குப் புகட்டுகிற மாதிரி ஊற்றினாள். தீர்ந்ததும் மறுபடி மொண்டு வந்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை. குழி நிறைந்தது, வரப்பைத் தாண்டி வழிந்தது, சுற்றி நின்ற எல்லோருடைய பாதத்தையும் நனைத்துக்கொண்டு ஓடியது, யாரும் காலை எடுக்கவில்லை.